மெல்ல மிதி, மோனை

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு சப்பாத்துப் பெட்டி இருக்கிறது. அதற்குள் பதினொரு கசற்றுகள். பாட்டுக் கசற்றுகள் அல்ல. 1986ஆம் ஆண்டுக்கும் 1995ஆம் ஆண்டுக்கும் இடையில் என்னுடைய அம்மா ஊரிலிருந்து பேசி அனுப்பியவை. ஜேர்மனிக்கு வந்த பிறகு ஐந்து தடவை வீடு மாறிவிட்டோம். ஒவ்வொரு தடவையும் சாமான்கள் குறைந்தும் கூடியும் போனாலும், அந்தப் பெட்டியை மட்டும் நானே கையில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இந்தக் கசற் கடிதங்களைப் பற்றி இங்கு புதிதாக வந்து குடியேறியிருப்பவர்களில் இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்த நாட்களில் எங்கள் ஊரில் தொலைபேசி இல்லை. அம்மாவுக்கு எழுதுவது மெதுவான வேலை. அதனால் கொழும்புக்குப் போகிறவர் யாரும் அகப்பட்டால், அதற்கு முதல்நாள் இரவு ஒரு கசற்றில் அரை மணித்தியாலம் பேசி, துணியில் சுற்றிக் கொடுத்துவிடுவா. அது கொழும்பில் ஒரு கை, பாரிஸில் ஒரு கை என்று மாறி, இரண்டு மாதமோ நான்கு மாதமோ கழித்து என்னிடம் வந்து சேரும். மாடு கன்று போட்ட செய்தி வந்து சேரும்போது கன்று வளர்ந்து நிற்கும்.

1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றறிகளுக்கும் தடை. அப்போது எங்கள் சனம் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்கப் பழகிக்கொண்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. சைக்கிளை ஸ்ராண்டில் தூக்கி நிறுத்தி, ஒருவர் ஏறியிருந்து மிதிக்க, டைனமோவிலிருந்து இரண்டு வயர் எடுத்து றேடியோவுக்கோ ரேப்ரெக்கோடருக்கோ கொடுப்பார்கள். என்னுடைய கடைசித் தம்பிக்கு அப்போது பதின்மூன்று வயது. அவன் மிதிப்பான், அம்மா பேசுவா.

அதனால் 1991ஆம் ஆண்டுக் கசற்றில் அம்மாவின் குரல் ஒரு சீராக இராது. இடையிடையே கீச்சென்று உயர்ந்து, பிறகு இறங்கி, தன் நிலைக்கு வரும். பின்னால் சைக்கிள் சங்கிலியின் சத்தம் கிறுக், கிறுக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் அம்மா பேச்சை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்துச் சொல்லுவா: "மெல்ல மிதி, மோனை. களைச்சுப் போவாய்."

1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அம்மாவும் தம்பியும் சாவகச்சேரிக்குப் போனார்கள். அங்கிருந்து கிளிநொச்சி. அடுத்த வருடம் அம்மா அங்கே காலமானா. பதினேழு நாட்கள் கழித்துத்தான் எனக்குச் செய்தி வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை நான் திறக்கவில்லை. தூக்கிக்கொண்டு திரிந்தேன். அவ்வளவுதான்.

*

கடந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னுடைய மூத்த மகன் வந்து கேட்டான்.

"அப்பா, அப்பம்மாவின்ரை கசற்றுகளைக் கொஞ்ச நாளைக்குத் தருவியளோ?"

"என்னத்துக்கு?"

"ஒரு பாட்டுக்கு வேணும்."

"அப்பம்மா எங்கை பாட்டுப் பாடினவ?"

"பாட்டு வேண்டாம். கதைக்கிறதுதான் வேணும்."

மகன் இங்கே பிறந்தவன். பகலில் ஒரு கம்பனியில் கணனி வேலை. இரவில் தன் அறையில் இசை. அவனுக்கென்று இசைக்குழு கிடையாது. பாட்டு எழுதுவதும் கித்தார் வாசிப்பதும் பதிவதும் எல்லாம் அவனே. ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் யாரோ ஒரு நண்பர் இருப்பார். துருக்கிக் குடும்பத்துப் பெடியன் ஒருவன் மேளம் அடித்து அனுப்புவான். ஹம்பேர்க்கிலிருந்து ஒரு பிள்ளை குரல் அனுப்புவாள். இவன் அவற்றையெல்லாம் கூட்டிச் சேர்த்து, தனக்கு வைத்துக்கொண்ட ஒரு பெயரில் வெளியிடுவான். இதைச் சைக்கடெலிக் பொப் என்று சொல்லுகிறான்.

அந்தச் சொல் எனக்குப் புதிது. கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன். 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தொடங்கிய இசை அது. கனவில் கேட்பது போல ஒலிகள் நீண்டும் எதிரொலித்தும் வரும். சில இடங்களில் நாடாவைத் திருப்பிப் பின்னோக்கி ஓடவிடுவார்கள். போதைப்பொருளோடு அதற்குத் தொடர்பு இருந்தது உண்மை. நானும் முதலில் அதைத்தான் நினைத்துப் பயந்தேன். ஆனால் எங்கள் பக்கத்து இசைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. பீற்றில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் 1965இல் ஒரு பாட்டில் சித்தார் வாசித்தார், பிறகு ரவிசங்கரிடம் அதைக் கற்கப் போனார். அதன் பின் சித்தார் அந்த இசையின் அடையாளங்களில் ஒன்றாகவே ஆகிவிட்டது.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கோபம்தான் வந்தது.

"அது உனக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. என்ரை தாயின்ரை குரல். வெட்டி ஒட்டி ஆட்டம் போடுறதுக்குத் தரேலாது" என்று சொல்லிவிட்டேன். மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா. மகன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான்.

இரண்டு கிழமை கழித்து ஒரு பழைய இசைத்தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"அப்பா, இந்த மனிசனும் அகதிதான். ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ."

*

அந்த மனிதரின் பெயர் ஹொல்கர் சூக்காய். பெயரைக் கேட்டதும் கத்தரிக்காய், வாழைக்காய் போல ஏதோ ஒரு காய் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். மகனும் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் நாங்கள் திரும்பவும் கதைக்கத் தொடங்கினோம்.

சூக்காய் 1938இல் டான்சிக் நகரில் பிறந்தவர். இப்போது அது போலந்தில் இருக்கிறது, பெயர் கிடான்ஸ்க். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அங்கிருந்த ஜேர்மன் குடும்பங்கள் வெளியேற வேண்டி வந்தது. அந்த ஆண்டுகளில் கிழக்கிலிருந்து ஓடியும் துரத்தப்பட்டும் வந்த ஜேர்மனியர் ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் பேர். எங்கள் தெருவில் நாய் கொண்டு நடக்கும் கிழவர்களில் எத்தனை பேர் கையில் ஒரு மூட்டையோடு வந்த பிள்ளைகளோ என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

போரினால் அவருக்குப் பள்ளிப்படிப்பு ஒழுங்காக அமையவில்லை. இளவயதில் ஒரு றேடியோ திருத்தும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் அவருக்கு ஒலியின் மேல் ஆசை பிறந்தது. றேடியோவில் வரும் பாட்டில் மட்டுமல்ல, ஒரு நிலையத்துக்கும் இன்னொரு நிலையத்துக்கும் இடையில் வரும் இரைச்சலிலும் கூட.

இதைக் கேட்டதும் எனக்கு ஹைமில் இருந்த காலம் கண்முன் வந்தது. 1985இன் தொடக்கத்தில் கிழக்கு பேர்லின் வழியாக வந்தவன் நான். பிறகு நோட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் போட்டார்கள். ஓர் அறையில் ஆறு பேர். வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் அனுமதி இல்லை. பழைய சாமான் சந்தையில் ஒரு சிற்றலை றேடியோ வாங்கினோம். ஊரில் என்ன நடக்கிறது என்று அறிய லண்டன் தமிழோசையைத் தேடுவோம். ஊசியை ஒரு மயிரிழை அசைத்தால் ரஷ்ய மொழி, இன்னும் ஒரு மயிரிழை அசைத்தால் அரபுப் பாட்டு, பிறகு ஒரு நீண்ட விசில். அந்த இரைச்சலைக் கடந்து தமிழ்க் குரல் கேட்கும்போது ஆறு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்போம். எங்களுக்கு அந்த இரைச்சல் இடைஞ்சல். சூக்காய்க்கு அதுவும் இசை.

அவர் பிறகு சங்கீதம் படித்தார். 1963 முதல் 1966 வரை கொலோனில் கார்ல்ஹைன்ஸ் ஸ்ரொக்ஹௌசன் என்ற பெரிய இசையமைப்பாளரிடம் மாணவராக இருந்தார். பின்னர் இசை ஆசிரியராக வேலை செய்தபோது, ஒரு மாணவன் 1967இல் வந்த பீற்றில்ஸ் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினான். அந்தப் பாட்டுக்குள் றேடியோச் சத்தம் கலந்திருந்தது. பொப் இசையைப் பொருட்படுத்தாதிருந்த ஆசிரியர் அன்று மனம் மாறினார். 1968இல் அந்த மாணவன் மிஷாயேல் கறோலி, பியானோக்காரர் இர்மின் ஷ்மிற், மேளக்காரர் யாக்கி லீபெற்சைற் ஆகியோரோடு சேர்ந்து கொலோனில் 'கேன்' என்ற குழு உருவானது. ஆசிரியரும் மாணவனும் ஒரே குழுவில்.

அந்தக் குழுவில் எனக்குப் பிடித்த கதை பாட்டுக்காரருடையது. 1970இல் மியூனிக் தெருவில் டாமோ சுசுக்கி என்ற ஜப்பானிய இளைஞர் ஒருவர் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். சூக்காயும் லீபெற்சைற்றும் ஒரு கபேயில் இருந்து பார்த்தார்கள். இன்றிரவு எங்களோடு மேடையில் பாடுவாயா என்று கேட்டார்கள். ஒத்திகையே இல்லை. அன்றிரவே பாடினார். அடுத்த மூன்று ஆண்டுகள் அவர்தான் அந்தக் குழுவின் குரல். 1972இல் அவர் பாடிய 'ஸ்பூன்' ஜேர்மன் விற்பனை வரிசையில் ஆறாம் இடத்துக்கு வந்தது. இந்த நாட்டில் தெருவில் நின்ற ஓர் அந்நியனைக் கூப்பிட்டு, வா, பாடு என்று சொன்னவர்களும் இருந்திருக்கிறார்கள். 2024இல் கொலோனில் காலமாகும்வரை சுசுக்கி போன போன ஊர்களில் அந்தந்த ஊர் இசைக்காரரைச் சேர்த்துக்கொண்டு பாடிவந்தார்.

கேன் குழு 1971இல் கொலோனுக்கு அருகே வைலர்ஸ்விஸ்ற் என்ற ஊரில் ஒரு பழைய திரைப்படக் கொட்டகையை எடுத்துக் கலையகமாக்கியது. சத்தம் அடங்குவதற்குச் சுவர் முழுவதும் பழைய இராணுவ மெத்தைகளைத் தொங்கவிட்டார்கள். இதை மகன் சொன்னதும் நான் நம்பவில்லை. ஏனென்றால், ஒய்ஸ்கிர்ஷனில் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை செய்தவன் நான். கொலோனிலிருந்து காலை ரெயினில் ஒவ்வொரு நாளும் வைலர்ஸ்விஸ்ற் ஸ்ரேசனைத் தாண்டித்தான் போனேன். அந்தப் பெயரைப் பார்த்தால் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கலாம் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

*

மகன் கொண்டுவந்த இசைத்தட்டு 1979இல் வந்தது. பெயர் 'மூவீஸ்'. கேன் குழுவை விட்டு 1977இல் விலகிய சூக்காய் தன் பெயரில் செய்தது. மொத்தம் நான்கு பாட்டுகள். கித்தார், பாஸ், கீபோட் எல்லாம் அவரே வாசித்தார். ஆனால் மேளம் பழைய நண்பர் லீபெற்சைற். கறோலியும் ஷ்மிற்றும் வந்து வாசித்தார்கள். கானா நாட்டில் பிறந்த றீபொப் குவாக்கு பாவும் வந்தார். அட்டையில் ஒருவர் பெயர்தான். உள்ளே பழைய குழு முழுவதும் இருக்கிறது. பிரிந்தவர்கள் பகைக்காமல் ஒருவர் பாட்டுக்கு மற்றவர் வந்து அடித்துக் கொடுத்துவிட்டுப் போனதைப் பார்க்க, எங்கள் சங்கங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அதை விட்டுவிடுவோம்.

அவர் வேலை செய்த விதம் இதுதான். நீண்ட நேரம் பதிவார்கள். பிறகு அவர் தனியே இருந்து நாடாவைச் சவரத் தகட்டால் வெட்டி, நல்ல துண்டுகளைப் பொறுக்கி ஒட்டுவார். இன்று மகன் கணனியில் ஒரு விரலால் செய்வதை அவர் ஒவ்வொரு துண்டாகக் கையால் செய்தார்.

அதில் ஒரு பாட்டு 'பேர்சியன் லவ்'. இலேசான கித்தார் ஒலி வருகிறது. அதற்கு மேல் ஓர் ஆணும் பெண்ணும் பாரசீக மொழியில் பாடுகிறார்கள். அவர்கள் கலையகத்துக்கு வந்தவர்கள் அல்ல. சிற்றலை றேடியோவில் ஈரானியப் பாட்டு ஒன்று வந்தபோது சூக்காய் அதைப் பிடித்துப் பதிந்து, அந்தக் குரல்களைச் சுற்றித் தன் இசையைக் கட்டினார். இப்படி றேடியோவைக் கொண்டு செய்வதற்கு அவர் வைத்த பெயர் வானொலி ஓவியம்.

பாட்டு நல்ல வடிவாகத்தான் இருந்தது. மனைவியும் கைவேலையை விட்டுவிட்டு வந்து கதிரையில் இருந்து கேட்டா. முடிந்ததும் நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"பாடின ரெண்டு பேரின்ரை பேர் என்ன?"

மகன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். மேளம் அடித்தவர் பெயர் இருந்தது, ஓர்கன் வாசித்தவர் பெயர் இருந்தது. பாடியவர்கள் பெயர் இல்லை.

அவனே இன்னொன்றும் சொன்னான். 1969இல் சூக்காய் வேறொரு நண்பரோடு சேர்ந்து ஓர் இசைத்தட்டுச் செய்தார். அதில் வியட்நாம் படகுப் பெண்களின் பாட்டு வருகிறது. பாடிய பெண்களின் பெயர் அதிலும் இல்லை. அந்த நாட்டில் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது.

நான் அந்த மனிதரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஊர் இழந்து வந்த ஒரு பிள்ளை, மற்றவர் குரலைக் காது கொடுத்துக் கேட்டு, இது எவ்வளவு வடிவு என்று உலகத்துக்குக் காட்டினார். ஈரானியரின் குரலைக் குப்பை என்று ஊசியைத் திருப்பிவிடாமல் நின்று கேட்ட காது அது. ஆனால் அகதியாக வந்தவனுக்கு இதுவும் தெரியும்: எங்களுடைய படத்தையும் அழுகையையும் எத்தனையோ பேர் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். 'ஓர் இலங்கைத் தமிழ்ப் பெண்' என்று கீழே எழுதியிருக்கும். அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் இருந்தது.

அன்றிரவு மகனிடம் சொன்னேன். "கசற்றைத் தாறன். ரெண்டு நிபந்தனை. அப்பம்மாவின்ரை முழுப்பேரும் ஊரும் போட வேணும். அவ என்ன சொல்லுறா எண்டது உனக்கு ஒரு சொல்லும் விடாமல் விளங்க வேணும். விளங்காமல் வெட்டக் கூடாது."

*

இரண்டாவது நிபந்தனை எனக்கே வேலையாக வந்தது. ஐந்து இரவுகள் நானும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கேட்டோம். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகத் திறக்காத பெட்டி. முதல் கசற்றில் அம்மா "தம்பி, சுகமாய் இருக்கிறியோ" என்று கேட்டதும் என்னால் இருக்க முடியவில்லை. எழும்பிப் போய்ப் பல்கனியில் நின்றுவிட்டு வந்தேன். மகன் நிறுத்திவிட்டுக் காத்திருந்தான்.

பிறகு பழகிவிட்டது. அவன் கேட்பான், நான் சொல்லுவேன். பட்டடை என்றால் என்ன, கொட்டில் என்றால் என்ன, ஏன் அப்பம்மா மாமரத்தை அவன் இவன் என்று சொல்லுகிறா. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் படித்தும் வராத சொற்கள் அந்த ஐந்து இரவுகளில் அவனுக்கு வந்தன.

அம்மாவின் குரல் ஏன் கீச்சென்று உயர்கிறது என்பதை அவன்தான் எனக்கு விளக்கினான். தம்பி களைத்து மிதி தளரும்போது ரேப்ரெக்கோடரின் மோட்டர் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததை இப்போது ஒழுங்கான வேகத்தில் போட்டால் குரல் உயர்ந்து கேட்கும். அதாவது, அம்மாவின் குரல் உயரும் இடமெல்லாம் தம்பி களைத்த இடம். அத்தனை வருடமும் கசற் பழுதாகிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"இதைச் சரிப்படுத்தலாம் அப்பா, கணனியிலை ஒரே சீராக்கலாம்" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனால் வேண்டாம்" என்று அவனே சொன்னான்.

பாட்டு ஆறு நிமிடம். தொடக்கத்தில் சைக்கிள் சங்கிலியின் கிறுக், கிறுக். அதுதான் தாளம். அதன் மேல் துருக்கிப் பெடியனின் மேளம் மெல்லச் சேருகிறது. கித்தார் தூரத்திலிருந்து வருவது போல வருகிறது. ஹம்பேர்க் பிள்ளை சொல் இல்லாமல் இராகமாக இழுக்கிறாள். நடுவில் எல்லாம் அடங்கி, "மெல்ல மிதி, மோனை" என்று அம்மா சொல்லுகிறா. திரும்பத் திரும்ப வருவது அந்த ஒரு வரிதான். மாடு, கன்று, எங்களுடைய வீட்டுக் கதை எதையும் அவன் எடுக்கவில்லை. அது அப்பாவுக்கு வந்த கடிதம் என்று சொன்னான்.

தம்பி இப்போது கனடாவில் இருக்கிறான். முதலில் அவனுக்குத்தான் தொலைபேசியில் போட்டுக் காட்டினோம். முடிந்த பிறகும் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, "அந்தச் சைக்கிளின்ரை பின் சில்லு எப்பவும் ஒரு பக்கம் கோணல். அந்தச் சத்தம் அதுதான்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

பாட்டோடு வெளியிட்ட பெயர் வரிசையில் மகனுடைய பெயர், நண்பர்கள் இருவருடைய பெயர், அம்மாவின் முழுப்பெயர், ஊர்ப்பெயர், ஆண்டு எல்லாம் இருக்கின்றன. கடைசி வரியில் 'சைக்கிள்' என்று போட்டு என் தம்பியின் பெயர்.

சூக்காய் 2017 செப்ரெம்பரில், 79ஆவது வயதில், வைலர்ஸ்விஸ்ற்றில் அந்தப் பழைய கொட்டகையிலேயே காலமானார். அதைக் கலையகமாகவும் வீடாகவும் ஆக்கிக்கொண்டு அங்கேயே வாழ்ந்திருக்கிறார். அண்மையில் ஒருநாள் வேலை இல்லாமலே அந்த ரெயினில் ஏறி வைலர்ஸ்விஸ்ற்றில் இறங்கி, ஊரைக் கொஞ்ச நேரம் சுற்றி நடந்துவிட்டு வந்தேன்.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். யாருடைய வீட்டிலாவது பழைய கசற்றுகள் இருந்தால் வெயிலிலும் ஈரத்திலும் வைக்காதீர்கள். பல வருடம் ஓடாத ரேப்ரெக்கோடரில் உடனே போட்டுவிடாதீர்கள், நாடா சிக்கி அறுந்துவிடும். முதலில் வேண்டாத கசற் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். விடயம் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு கணனியில் ஏற்றி, இரண்டு இடத்தில் வையுங்கள். கசற் இல்லாதவர்களுக்குத் தொலைபேசியில் ஊரிலிருந்து வரும் குரல் செய்திகள் இருக்கும். தொலைபேசி உடைந்தால் அவையும் போய்விடும், அவற்றையும் எடுத்து வையுங்கள். பேசியவர் பெயர், ஊர், திகதி மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். பக்கத்தில் நின்று சைக்கிள் மிதித்தவர் யாரும் இருந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள்.